அடைப்பு என்று எழுதியிருக்கிறது

ரங்கூன்
ஞாயிறு மாலை

அன்புள்ள மீனாட்சி,

இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டிக்கொள். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் பேசவில்லை.

இன்னும் குழந்தை தங்கவில்லையே என்று கருக்குழாய்க்கு எச்.எஸ்.ஜி. என்கிற எக்ஸ்ரே எடுத்தேன். மாதவிலக்கு நின்றபின், முட்டை வெளிவருவதற்குள் எடுக்க வேண்டும் என்று 8-ஆம் நாள் வரச் சொன்னார்கள். கருப்பை வாய் வழியாக, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் மருந்தை ஏற்றினார்கள். அடிவயிற்றைப் பிழிந்து எடுத்துவிட்டது, மீனா. வலிக்கும் என்று முன்னாலேயே ஒருவராவது சொல்லியிருக்கலாம். 'இடது குழாயில் அடைப்பு' என்று ரிப்போர்ட் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்று நாள் இந்த ஊர் மீன்குழம்பு நூடுல்ஸ், மோகிங்காகூட இறங்கவில்லை. மாமியார் பீலிக்கான் முனீஸ்வரருக்கு நேர்ந்துகொண்டார்.

அப்புறம் வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் வெள்ளை முக்கோணம், அதுதான் கருப்பை. வலப்பக்கம் நூல்போல ஒரு கோடு போய், நுனியில் மருந்து புகையாகப் பரவியிருந்தது. அப்படி வெளியே சிந்தினால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இடது கோடு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. கருப்பையை ஒட்டிய அந்த இடத்துத் தசை சில சமயம் இறுகிக்கொள்ளும், அப்போதும் படத்தில் அடைப்பு மாதிரியே தெரியும் என்றார். மறுபடி படம் எடுத்தோ, லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தபடி, குழாயில் நிறநீர் விட்டோதான் உறுதி செய்ய முடியும். நுனியில் அடைத்து நீர்கோத்து வீங்கியிருந்தால்தான் வேறு பேச்சு. அந்த நீர் கருப்பைக்குள் திரும்பி வந்து ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை) சிகிச்சையின் பலனையும் குறைக்கும், அதனால் முதலில் அந்தக் குழாயைக் கவனிப்பார்கள். என் படத்தில் அப்படி வீக்கம் எதுவும் தெரியவில்லை. ஒரு குழாய் திறந்திருந்தாலும் கரு தங்கலாம். ஆனால் திறந்த குழாய் உள்ளே சரியாக வேலை செய்கிறதா என்பது இந்தப் படத்தில் தெரியாதாம்.

நீ 'தேக்கு மரம்' என்று பெயர் வைத்த என் வீட்டுக்காரர் தன் டெஸ்டைத் தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தார், முனகவே இல்லை. உன் பழைய தீர்ப்பை மாற்றி எழுது. அவர் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். சின்ன வயதில் டி.பி. வந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். அது நுரையீரலோடு நிற்காமல் இரத்தத்தில் போய்க் கருக்குழாயில் தங்கி, வெளியே ஒன்றும் தெரியாமலே கெடுத்துவிடுமாம். எட்டாம் வகுப்பில் மாதக்கணக்கில் இருமிக்கொண்டு உங்கள் வீட்டில் கிடந்தேனே, அது என்ன காய்ச்சல்? என் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனது உன் அம்மாதான். என்ன மாத்திரை, எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்று கேட்டுவிட்டுப் போன் செய். எடுக்கிறேன்.

உன்
ராஜி