பிளஸ் 1 சேர்க்கையின்போதே சொல்ல வேண்டிய மருத்துவத் தகுதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகிப் பிளஸ் 1 சேர்க்கை நடைபெறும் இந்த நாள்களில், மருத்துவப் படிப்பு என்றாலே நீட் தேர்வின் மதிப்பெண்ணைப் பற்றி மட்டுமே பேசப்படுகிறது. அத்தேர்வை எழுதுவதற்கான தகுதி, பதினைந்து வயதுப் பிள்ளை பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் அன்றே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வோர் குறைவு. அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதுகுறித்து எழுத விரும்புகிறேன்.

எம்.பி.பி.எஸ். சேர விரும்பும் மாணவர், பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் ஆகியவற்றுடன் உயிரியல் அல்லது உயிரித்தொழில்நுட்பப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இதன்படி, கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் கொண்ட பிரிவில் சேரும் மாணவருக்கு உயிரியல் இல்லாமற்போகிறது. அந்தப் பிரிவைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 'மதிப்பெண் நன்றாக இருக்கிறது, எந்தப் பிரிவானாலும் சேர்த்துவிடலாம்' என்று வீட்டார் முடிவெடுக்கும் வேளையில், அதன் விளைவு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இவ்விதி முன்பு இன்னும் கடுமையாக இருந்தது. இந்த அறிவியல் பாடங்களைச் செய்முறையுடன் இரண்டு ஆண்டுகள் பள்ளியில் தொடர்ந்து படித்திருக்க வேண்டும் என்று பழைய மருத்துவக் கவுன்சில் வலியுறுத்தி வந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட அறிவிப்பு அதைத் தளர்த்தியது. பிளஸ் 2 முடித்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வாரியத்தின் வழியே உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் நீட் எழுதலாம் என்று அது கூறுகிறது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆயினும் நீட் வினாக்கள் 180-இல் 90 உயிரியலுக்கானவை. 720 மதிப்பெண்ணில் சரிபாதியான 360 அந்த ஒரு பாடத்தில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தாவரவியலும் விலங்கியலும் படித்து, செய்முறை வகுப்பில் நுண்ணோக்கியைத் தொட்டுப் பழகியவரோடு, கடைசி நேரத்தில் பாடத்தைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டவர் போட்டியிடுவது எளிதன்று. விதி இடம் கொடுக்கிறது என்பதற்காக, 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பிள்ளைகளிடம் சொல்வது பொறுப்பான அறிவுரை ஆகாது.

அரசுப் பள்ளி மாணவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி மருத்துவப் படிப்பு இடங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைப் பெற, பொதுவாக ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். உள்ளூர்ப் பள்ளியில் உயிரியல் பிரிவு இல்லை என்பதாலோ, பயிற்சி நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையாலோ பிளஸ் 1-க்குத் தனியார் பள்ளிக்கு மாறும் குழந்தை, மருத்துவராகும் ஆசையால்தான் மாறுகிறது. அந்த மாற்றமே அதன் சலுகையைப் பறித்துவிடுகிறது. அரசு உதவிபெறும் பள்ளிக்கு மாறினாலும் இதே நிலைதான். இதைச் சேர்க்கை முடிந்த பிறகு, அதுவும் பிளஸ் 2 இறுதியில் கலந்தாய்வு விண்ணப்பத்தை நிரப்பும்போது அறிந்துகொண்டு திகைத்து நின்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

எனவே பள்ளிக் கல்வித் துறை இரண்டு காரியங்களைச் செய்யலாம். பிளஸ் 1 விண்ணப்பத்துடனேயே, மேற்சொன்ன தகுதிகளையும் உள் ஒதுக்கீட்டுக்கான நிபந்தனையையும் எளிய தமிழில் அச்சிட்ட ஒரு பக்கத் தாளைக் கொடுத்து, அதைப் படித்துப் பார்த்ததற்குப் பெற்றோரிடம் கையொப்பம் பெறலாம். உயிரியல் பிரிவு இல்லாத அரசுப் பள்ளிகளில், அந்தப் பிரிவு உள்ள அருகிலுள்ள அரசுப் பள்ளி எது, அங்கே இடம் இருக்கிறதா, போய்வரப் பேருந்து வசதி எப்படி என்ற விவரத்தைத் தலைமையாசிரியர் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. சேர்க்கை முடிவதற்குள் செய்தால்தான் பயன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் (உயிரியல்),
திண்டுக்கல் மாவட்டம்.