24 எப்படி 6144 ஆனது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. பதில் போடாததற்கு வயர்லெஸ் கார்டை இயக்கும் ஒரு டிரைவர் மென்பொருள்தான் காரணம்.

எக்ஸ்86 கணினிகளில் இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லாமல் ஓடியது அது. அதையே பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும்) மிப்ஸ் பிராசஸர் போர்டு ஒன்றில் ஏற்றினோம். கார்டுக்குள் ஓடும் ஃபர்ம்வேரின் கோப்பு வெறும் பைட்டுகள்தானே, ஒழுங்காக ஏறியது. அப்புறம் வாயே திறக்கவில்லை. முதல் கட்டளைக்கே பதில் இல்லை, பிழைச் செய்தியும் இல்லை. இரண்டு நாள் போர்டைத்தான் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் பஃபரை ஹெக்ஸில் கொட்டிப் பார்த்தேன். கட்டளையின் நீளம் 24 பைட். ஃபர்ம்வேர் லிட்டில் எண்டியன், சிறிய பைட்டை முதலில் எதிர்பார்ப்பது. அதற்கு ஹெக்ஸில் 18 00 என்று போயிருக்க வேண்டும். போனது 00 18. அதன் கணக்கில் அது 6144! மீதி பைட்டுகள் வருமென்று பாவம் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

16 பிட் எண்ணை லிட்டில் எண்டியனாக்கும் சிபியூ_டு_எல்இ16 மேக்ரோவைப் போட மறந்திருக்கிறோம், அவ்வளவுதான். எக்ஸ்86உம் லிட்டில் எண்டியன் என்பதால் அங்கே அந்த மேக்ரோ எதையும் மாற்றுவதில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் அதே பைட்டுகள். அங்கே எத்தனை சோதனை ஓட்டினாலும் இது சிக்காது.

ஆத்திரத்தில் கண்ட இடமெல்லாம் மேக்ரோவைப் போட்டேன், கார்டின் ரெஜிஸ்டர்களில் எழுதும் ரைட்எல்லுக்குள்ளும். ரைட்எல் தானாகவே லிட்டில் எண்டியனுக்கு மாற்றி எழுதும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. இரண்டு முறை திருப்பியதில், அதுவரை சரியாக இருந்த ரெஜிஸ்டர்களும் கெட்டன.

பஃபர் முழுவதையும் நான்கு நான்கு பைட்டாகத் திருப்பிவிடலாம் என்றான் கூட வேலை பார்க்கும் பையன். ஆறு பைட் மேக் முகவரியை எப்படித் திருப்புவது? 16 பிட் புலங்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று போய் உட்காரும். அதே பஃபரில் ஃபர்ம்வேருக்கான தலைப்பு லிட்டில், உள்ளே போகும் பாக்கெட்டின் தலைப்புகளோ பிக். ஐபிவி4 என்றால், பாக்கெட்டின் வகையைச் சொல்லும் ஈதர்டைப் 08 00 என்றே போக வேண்டும்.

சரி என்று ஸ்ட்ரக்டுகளில் யு16, யு32 என்றிருந்தவற்றை லிட்டில் எண்டியன் என்று குறிக்கும் எல்இ16, எல்இ32 ஆக்கி, இப்படிப்பட்ட குழப்பங்களைக் கண்டுபிடிக்கும் ஸ்பார்ஸ் என்ற கருவியை ஓட்டினேன். பதினொரு எச்சரிக்கைகள், அதுவும் மிப்ஸ் போர்டே இல்லாமல், என் எக்ஸ்86 கணினியிலேயே. இதை முதல் நாளே செய்திருக்கலாம். ஆனால் வார்னிங்குகளை அமுக்க ஃபோர்ஸ் காஸ்ட் போடுபவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கலிவர் கதையில் முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று நடக்கும் சண்டையிலிருந்து கணினி விஞ்ஞானி டானி கோஹன் பிக் எண்டியன், லிட்டில் எண்டியன் என்ற பெயர்களை எடுத்தது 1980இல், அதுவும் ஏப்ரல் முதல் தேதி. அவர் சமாதானம்தான் கேட்டார். நாம் இன்னும் முட்டை உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

உன் பழைய டிரைவரில் டிஸ்கிரிப்டரை, பிட் பிட்டாகப் பிரித்துப் பெயரிடும் பிட்ஃபீல்டுகளாக எழுதியிருந்தாயே, இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? பிட்டுகளை எந்தப் பக்கமிருந்து அடுக்குவது என்பது கம்பைலரின் இஷ்டம், ஸ்பார்ஸ் அதில் உனக்குக் கைகொடுக்காது. மாஸ்க், ஷிஃப்ட் என்று மாற்றிவிடு. நேரமில்லை என்றால் அந்தக் கோப்பை அனுப்பு, நான் பார்க்கிறேன்.

அன்புடன்,
ரகு