வெட்டினால் போகாது பார்த்தீனியம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மழை விட்டதும் எங்கள் ஒழுங்கையைத் துப்புரவாக்கப் புல்வெட்டும் மெசினோடு ஆட்கள் வந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வேலியோரம் இடுப்பளவு வளர்ந்து, வெள்ளையாய்ப் பூத்து நின்ற பார்த்தீனியக் களையையும் சேர்த்து அடித்துவிட்டுப் போனார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் என் வெங்காயத் தறை. ஒரு செடியிலேயே 10,000 விதைக்கு மேல் வரும், அதுவும் தூள் மாதிரி. மெசின் அதை விசிறி விதைத்துவிட்டது. வெட்டிய கட்டையாவது செத்ததா? அடியில் நாலைந்து கிளை வெடித்து, சாண் உயரத்திலேயே திரும்பப் பூத்து நிற்கிறது.

மண் ஈரமாய் இருக்கும்போதே, பூக்க முன்னம், வேரோடு பிடுங்க வேண்டும். கரட் இலை போன்ற குருத்தைப் பார்த்ததும் கை வைக்கலாம். முளைத்து ஒரு மாதம் சொச்சத்தில் பூத்துவிடும் என்பதால் மாரி முழுக்கக் கண் வைத்திருக்க வேண்டும். கையுறை இல்லாவிட்டால் ஒரு சொப்பிங் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்கு முழங்கை வரைக்கும் தடித்துச் சொறிந்தது. பூத்த செடியென்றால் உரப்பையால் மூடிப் பிடுங்கி எரியுங்கள், எருக் கும்பியில் போடாதீர்கள். புல்லோடு கலந்து மாடு தின்றால் பாலும் கைக்கும்.

உப்புக் கரைசல் அடிக்கச் சொல்கிறார்கள். இலை கருகும், உண்மை. சுண்ணக்கல்லுக்கு மேல் கொஞ்ச மண்ணும், குடிக்கக் கிணறும்தான் எங்களுக்கு இருக்கிறது. அதில் உப்பைக் கொட்ட எனக்கு மனம் வராது. பிடுங்கிய வெறுந்தரையில் தகரை விதையைத் தூவிவிடுங்கள். அது நெருக்கமாய் எழும்பினால் பார்த்தீனியத்துக்கு இடம் கிடையாது.

பெரிய தொல்லை, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வளவுகள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதுதான். கனடாவில் இருப்பவருக்குச் சட்டம் காட்டி என்ன பயன்? பக்கத்து வளவுக்காரப் பிள்ளையிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். "ஓம் மாமி, உள்ளுக்குப் போய்ப் பிடுங்குங்கோ" என்று சொல்லி, கூலிக்குக் காசும் அனுப்பியது. மற்ற வளவுக்காரரும் படலைத் திறப்பை அயலில் ஒருவரிடம் கொடுத்து வைத்தால் பெரிய உதவி.

வீதி துப்புரவாக்குவோருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த மாரிக்கு மெசினை வைத்துவிட்டு மண்வெட்டியோடு, செடி பூக்க முன்னம் வாருங்கள். தேத்தண்ணி நான் தருகிறேன்.

வாசகி ஒருவர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.