வரவு மட்டும் எழுதிய பேரேடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

போக்கர் என்ற சீட்டாட்டம் சூதாட்டம் இல்லை, மூளைக்கு வேலை தரும் விளையாட்டு, நம் இளைஞர்கள் அதைத் தொழிலாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகர் உங்கள் ஞாயிறு பதிப்பில் எழுதியிருந்தார். கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் 86 டாலர் கட்டி இணையத்தில் தகுதிச் சுற்று ஆடி, அதில் ஜெயித்து, 2003-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்ற கதையையும் சொல்லியிருந்தார். கதை உண்மைதான். நானும் கணக்கு எழுதிப் பிழைத்தவள். ஒரு தோட்ட நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகத்தில் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றேன். போக்கரும் ஆடுகிறேன். போன ஆண்டு நண்பர்களோடு மணிலாவுக்குப் போய் ஒரு பெரிய போட்டியிலும் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்த வாசகர் வரவுப் பக்கத்தை எழுதிவிட்டார். செலவுப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

எங்கள் கூட்டம் சின்னது. நான், என் பள்ளித் தோழி (ஓய்வுபெற்ற தாதி), கிள்ளானில் நான்கைந்து லோரி வைத்திருக்கும் ஓர் அண்ணன், என் அண்ணன் மகன். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தபோது அண்ணன் மகன்தான் கைப்பேசி வழியாக இதைக் கற்றுக்கொடுத்தான். அதுவரை தீபாவளி இரவில் ரம்மி ஆடியதோடு சரி. பிறகு செந்தூலில் என் வீட்டு மேசையில் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஆட ஆரம்பித்தோம். பணம் கிடையாது. தோற்றவர் எல்லோருக்கும் ரொட்டி சானாய் வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய போட்டி ஒன்றில் ஆடிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை லோரி அண்ணனுக்குத்தான் முதலில் வந்தது. நம் நாட்டில் உரிமம் பெற்ற கசினோ கெந்திங் மலையில் ஒன்றே ஒன்று. மற்ற இடங்களில் ஆள் சேர்த்துப் பணம் வைத்து ஆடினால் 1953ஆம் ஆண்டுச் சூதாட்டத் தடுப்புச் சட்டம் பாயும். அதனால் மணிலா. விமானத்தில் ஏறினால் நான்கு மணி நேரம். நுழைவுக் கட்டணம் நம் பணத்தில் சுமார் 3,200 வெள்ளி. கிளம்புமுன் ஓர் ஒப்பந்தம் போட்டோம்: ஆளுக்கு ஒரு உறையில் கட்டணப் பணம், அது போனால் ஆட்டம் முடிந்தது, ஒருவருக்கொருவர் கடன் கிடையாது. உறைகளின் மேல் பெயர் எழுதியதும் நான்தான்.

அந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் கைப்பேசியில் பார்ப்பதெல்லாம் ஆல்-இன் (கையில் இருப்பதையெல்லாம் பந்தயமாக வைப்பது) போட்டு எழுந்து நின்று கத்தும் காட்சிகள். நேரில் போனால் அப்படி ஒன்றும் இல்லை. பனிக்கட்டிக் கிடங்கு மாதிரி குளிர், வரிசை வரிசையாக மேசைகள், மேசைக்கு ஒன்பது பேர், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருக்கும் இளவட்டங்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு வரும், பார்ப்போம், தூக்கி எறிவோம். மறுபடி வரும், மறுபடி எறிவோம். இரண்டு ஏஸ் சேர்ந்து வருவது 221 முறைக்கு ஒருமுறை. ஆள் உட்கார்ந்து சீட்டுப் போடும் மேசையில் மணிக்கு முப்பது சுற்று ஓடினால் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். இதற்கிடையே கட்டாயப் பந்தயம் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலும் கையிலிருக்கும் சிப்கள் (பந்தய வில்லைகள்) கரையும். இந்தச் சலிப்பைத் தாங்குகிறவன்தான் ஆட்டக்காரன் என்று அண்ணன் மகன் சொன்னான். மாத இறுதியில் கணக்கு முடித்துப் பழகிய எனக்கு அது ஒன்றும் புதிதில்லை.

எனக்கு ஒரு வசதியும் இருந்தது. நரைத்த தலை, தோளில் சால்வை, நெற்றியில் திருநீறு. இந்த ஆன்ட்டி கையில் ஒன்றும் இல்லாமல் பந்தயம் ஏற்ற மாட்டாள் என்று மேசையில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே பிற்பகல் முழுவதும் ஓட்டினேன். நான் பந்தயம் ஏற்றியதும் ஒரு கொரியப் பையன் ஜோடி ராஜாவைக் காட்டிவிட்டு, எனக்குப் பயந்து கீழே வைத்தான். என்னிடம் இருந்தது வெறும் ஏழும் நான்கும். வாசகர் சொல்வது போல இதில் மூளைக்கு வேலை இருக்கிறது, மறுக்கவே மாட்டேன்.

குலுக்கலில் தோழிக்கும் எனக்கும் ஒரே மேசை விழுந்தது. சீட்டைப் பார்த்துவிட்டு அவள், "அடியே, இது என்னடி அநியாயம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சீட்டுப் போடும் பெண் உடனே கையை நிறுத்தி, ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் பேசலாம் என்று எச்சரித்தாள். கூட்டாளிகள் சைகை சொல்லிக்கொள்ளக் கூடாதே! தெரிந்தவர் என்று விட்டுக்கொடுத்து ஆடினாலும் தண்டனை உண்டு. நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் ஜோடி ராணி வைத்துக்கொண்டு தன் சிப்கள் எல்லாவற்றையும் தள்ளினாள். என்னிடம் ஏஸும் ராஜாவும். நூற்றுக்கு 43 தடவை ஜெயிக்கும் கை அது. மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் சீட்டுகளில் ஒரு ராஜா வந்தது. நாற்பது ஆண்டு சிநேகிதியை நானே வெளியே அனுப்பினேன். அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, காய்ந்த மாம்பழம் வாங்கக் கடைக்குப் போய்விட்டாள். இரவு நானும் வெளியேறினேன். என்னிடம் ஜோடி பத்து, எதிராளிக்கு ஏஸ் வந்தது. பரிசு தொடங்கும் இடத்துக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. அண்ணன் மகனும் அப்படித்தான்.

லோரி அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மதிய உணவுக்கு முன்பே தோற்றுவிட்டார். ஆனால் மண்டபத்துக் கதவோரமாக ஒரு மேசை இருக்கிறது. மறுபடி கட்டணம் கட்டினால் புது சிப்களோடு புது இடம். பெயர் மறுநுழைவு. எழுந்து வரும் ஆள் அதைத் தாண்டித்தான் கழிப்பறைக்கே போக முடியும். அண்ணன் உறையைத்தான் காலி செய்திருந்தார். சட்டைப்பையில் வங்கி அட்டை இருந்தது. மூன்று தடவை தேய்த்தார். கட்டணத்தில் ஒரு பகுதி பரிசுக்குப் போகாமல் நடத்துபவருக்குப் போவது. ஒவ்வொரு மறுநுழைவுக்கும் அதையும் திரும்பக் கட்ட வேண்டும்.

அஸ்தினாபுரத்தில் தருமர் எல்லாவற்றையும் தோற்ற பிறகு, திருதராஷ்டிரர் அத்தனையையும் திருப்பிக் கொடுத்து அனுப்பிவைத்தார். போகும் வழியிலேயே மறுபடி ஆட அழைப்பு வந்தது. தருமர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு மறைந்து வாழ்வதும் அந்த இரண்டாம் ஆட்டத்தில் வைத்த பந்தயம். கோயில் சொற்பொழிவுகளில் முதல் ஆட்டத்தை மணிக்கணக்கில் சொல்கிறார்கள், இதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை, அண்ணன் நான்காவது உயிரில் பரிசு வாங்கிவிட்டார். 7,400 வெள்ளி! படம் எடுத்து எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மாலை போடாத குறையாக வாழ்த்து வந்து குவிந்தது. நான்கு கட்டணம் 12,800. ஆக 5,400 வெள்ளி நட்டம், விமானச் சீட்டும் அறை வாடகையும் தனி. தாமானில் இன்றைக்கும் அவர்தான் மணிலாவில் ஜெயித்தவர்.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, உலகமே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. ஹெண்டன் மாப் என்று ஓர் இணையப் பட்டியல் இருக்கிறது. உலகத்தின் போக்கர் ஆட்டக்காரர்கள் எந்தப் போட்டியில் எவ்வளவு பரிசு வாங்கினார்கள் என்று வரிசையாகத் தருகிறது. அதற்காக எத்தனை தடவை எவ்வளவு கட்டினார்கள் என்ற பத்தி அதில் இல்லை. என்னிடம் அப்படி ஒரு பேரேட்டை எந்த எழுத்தராவது கொண்டு வந்திருந்தால் தணிக்கையாளர் வருமுன் நானே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மணிமேக்கர் ஜெயித்த ஆண்டில் ஆடியவர்கள் 839 பேர். அவரைப் பார்த்து எல்லோரும் கிளம்பியதில் 2006-இல் 8,773 பேர், 2024-இல் 10,112 பேர். அந்த 10,112 பேரில் ஏதாவது பரிசு வாங்கியவர்கள் 1,500 சொச்சம். அந்தப் போட்டியில் மறுநுழைவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் டாலர் ஒரு தடவை கட்டலாம், தோற்றால் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவு பெரிய போட்டியே அப்படி நடக்கும்போது, சின்னப் போட்டிகளுக்கு மறுநுழைவு இல்லாமல் முடியாது என்பதை நான் நம்பவில்லை.

மணிலாவில் அந்த மேசைக்குப் போகவாவது எழுந்து நடக்க வேண்டும். பிள்ளைகள் கைப்பேசியில் ஆடும்போது அதுவும் இல்லை, விரலால் ஒரு தட்டு போதும். அட்டையில் பணம் தீர்ந்தால் கடன் தருகிறேன் என்று ஆலோங் (உரிமமில்லாத வட்டிக்காரர்) விளம்பரமும் அதே திரையில் வருகிறது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். நம்மவர் யாராவது வெளிநாட்டுப் போக்கர் போட்டியில் பரிசு வாங்கினார் என்று செய்தி வந்தால் தாராளமாகப் போடுங்கள். போடுமுன், எத்தனை தடவை கட்டணம் கட்டினீர்கள் என்று அவரிடம் கேட்டு அந்தத் தொகையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். சொல்ல மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள்.

நாங்கள் மறுபடியும் போகத்தான் போகிறோம். இந்த முறை லோரி அண்ணனின் மனைவியும் வருகிறார். எல்லோருடைய வங்கி அட்டையும் அண்ணியின் கைப்பையில் இருக்கும் என்று மூன்று பேர் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அண்ணன் இன்னும் போடவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
செந்தூல், கோலாலம்பூர்