வரவேற்பு மேடைக்குக் கறுப்பு கவுன் எடுப்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

முகூர்த்தத்துக்குப் பட்டு என்பதில் எந்த வீட்டிலும் பேச்சில்லை. மாலை வரவேற்புக்குத்தான் இப்போது கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரிப் பெண்கள் கறுப்பு காக்டெயில் கவுன் (மேலை நாட்டு மாலை விருந்து உடுப்பு) கேட்கிறார்கள். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி" என்கிறார்கள். படத்தில் இருப்பவள் கையில் கோப்பையோடு நிற்கிறாள். நம் மணப்பெண்ணோ மூன்றடி உயர மேடையில், தாழ்வான சோபாவில் உட்கார்ந்திருப்பாள். கேமராவும் முன்வரிசை நாற்காலிகளும் கீழே இருக்கும். தைப்பவர்கள் என்ற முறையில் இதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நிற்கும்போது முட்டிக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்கும் கவுன், உட்கார்ந்தால் மூன்று, நான்கு அங்குலம் மேலே ஏறும். அப்புறம் மாலை முழுக்கப் பெண் துணியை இழுத்துவிட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். அதனால் நிற்கவைத்து எடுத்த நீளத்தோடு நிறுத்தாமல், தாழ்வான இருக்கையில் உட்காரவைத்தும் அளவெடுக்கச் சொல்லுங்கள். கெண்டைக்காலின் நடுப்பகுதிவரை இறக்கினால் வடிவமும் கெடாது, மேடைக்கும் சரியாக இருக்கும். தரைவரை வேண்டுமென்றால் அன்று போடப்போகும் செருப்போடு அளவு கொடுங்கள்; முன்பக்கம் தரைக்கு அரை முதல் ஒரு அங்குலம் மேலே நிற்கட்டும். இல்லாவிட்டால் மேடைப் படியில் மிதித்துத் தடுக்கும்.

பெரியவர்கள் காலில் விழ ஐம்பது தடவையாவது குனிய வேண்டியிருக்கும். எனவே டிரையலில் குனிந்து பார்த்துக் கழுத்தின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். மாலை மாற்றக் கையைத் தூக்கும்போது கவுன் மொத்தமும் மேலே போவதற்குக் காரணம், ஆம்ஹோலை (கை பொருத்தும் வளைவை) தாழ இறக்கி வெட்டுவது. தாராளமாக இருக்கட்டும் என்று பலர் இறக்கச் சொல்கிறார்கள், நடப்பது நேர்மாறு. அக்குளுக்கு நெருக்கமாக வெட்டிய ஆம்ஹோலில்தான் கை தனியாக உயரும், உடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

அடுத்தது துணி. கறுப்பு என்று கடையில் அடுக்கியிருப்பதில் நீலம் ஓடுவது, செம்பழுப்பு ஓடுவது, பச்சை ஓடுவது எல்லாம் உண்டு. கடை விளக்கில் ஒன்றாகத் தெரியும் மேல்துணியும் நெட்டும் (வலைத் துணியும்) மேடை விளக்கில் இரண்டாகப் பிரிந்து தெரியலாம். வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் ஒரு தடவை, மஞ்சள் பல்பின் கீழ் ஒரு தடவை சேர்த்து வைத்துப் பாருங்கள். லைனிங், நூல், ஜிப் எல்லாவற்றையும் அப்போதே அதனோடு ஒப்பிட்டு எடுத்துவிடுங்கள். துணி பற்றாமல் போய் இன்னொரு தானிலிருந்து (துணிச் சுருளிலிருந்து) வாங்கினால் சாயத்தில் வித்தியாசம் வரும். 44 அங்குல அகலத்தில் கெண்டைக்கால் கவுனுக்கு மூன்று மீட்டர், தரைவரை நீளும் ஏ-லைனுக்கு (கீழே போகப் போக விரியும் கவுனுக்கு) நாலரை முதல் ஐந்து மீட்டர் தேவைப்படும். வெல்வெட் என்றால் அரை மீட்டர் கூட்டுங்கள். அதன் இழை ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில்தான் வெட்ட வேண்டும். ஒரு துண்டு தலைகீழாகிவிட்டாலும் அது மட்டும் வெளுத்ததுபோல் நிற்கும்.

சாயம் போகுமா என்று பார்க்க, நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் துணியைப் பத்துப் பதினைந்து தடவை தேயுங்கள். கறை ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். வியர்வையில் அக்குளும் உள்ளாடையும் கறுத்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் வாங்காதீர்கள், மில் சாயத்துக்கு அது உதவாது.

வெல்வெட் தை மாதத்தில் ஓசூர், தளிப் பக்கக் குளிருக்குப் பொருந்தும். வைகாசியில் தருமபுரி மண்டபத்தில் அதைப் போட்டால் அரை மணி நேரம் தாங்காது. அங்கே கிரேப் அல்லது ஜார்ஜெட் போதும். உள்ளே பாலியெஸ்டர் கொடுக்காமல் பருத்தி லைனிங் கொடுக்கச் சொல்லுங்கள். ஜார்ஜெட்டைக் குறுக்கு வெட்டில் (மூலைவாட்டில் வெட்டி) தைத்தால் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்ட பிறகே அடி மடிக்க வேண்டும். அவசரத்தில் மடித்தால் பின்னால் ஒரு பக்கம் இறங்கிக் கோணலாகும். சாட்டினில் தண்ணீர்த் துளி விழுந்த இடம் வட்டமாகத் தெரியும், வெல்வெட்டிலோ இழை படுத்துவிடும். தண்ணீர் தெளித்த ரோஜா மாலையை நன்றாக உதறிவிட்டுப் போடச் சொல்லுங்கள். பவுடர், சந்தனம், திருநீறு எல்லாம் கறுப்பில் பளிச்சென்று தெரியும். அலங்காரம் முழுக்க முடிந்த பிறகே கவுனை மாட்டுவது நல்லது.

மாப்பிள்ளைக்கும் கறுப்புக் கோட்டு, பின்னால் கருநீலத் திரை என்றால் படத்தில் இரண்டு முகங்கள் மட்டும்தான் மிதக்கும். மேடை அலங்காரக்காரரிடம் வெளிர் நிறத் திரை கேளுங்கள், கோட்டைச் சாம்பல் நிறமாக மாற்றுங்கள். கறுப்பு அதிகமானால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்கவைத்துவிடும். முகத்தை வைத்து வெளிச்சத்தின் அளவைப் பிடிக்கும்படி போட்டோகிராபரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கறுப்பு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிடக் கூடாது. துணியை வெட்டிய பிறகு சொல்லாமல், எடுக்கும் முன்பே பேசுங்கள். மேலை நாட்டிலும் கறுப்பு துக்கத்தின் நிறமாக இருந்ததுதான். 1926இல் அமெரிக்க வோக் என்ற ஃபேஷன் இதழ், பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனேலின் எளிய கறுப்பு உடுப்பை வெளியிட்டது. அதன் பிறகு மாலை விருந்துகளில் அது நிலைத்துவிட்டது. நம் பக்கத்தில் தெலுங்கு, கன்னடம் பேசும் குடும்பங்கள் பலவற்றில் தாலியோடு கோப்பதே கருகமணி. ஆனாலும் தாலி ஏறும் முன் கறுப்பு வேண்டாம் என்று மனம் சங்கடப்பட்டால், முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை வைக்கும் வரவேற்பை, முகூர்த்தம் முடிந்த பிறகு வரும் மாலைக்கு மாற்றலாம். கழுத்திலும் இடுப்பிலும் அரக்குச் சிவப்பு பட்டி வைத்தும் சில வீடுகளில் சமாதானமாகிறார்கள்.

கடைசி வாரத்தில் வந்து கேட்காதீர்கள். ஆறு வாரம் வேண்டும்: முதலில் காடாத் துணியில் ஒரு டிரையல், பத்து நாள் முன்னால் அசல் உள்ளாடை, செருப்போடு இன்னொன்று. பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள்; ஆனால் வெல்வெட்டிலும் சாட்டினிலும் பிரித்த ஊசித் தடம் போகாது என்பதால் அளவை முதல் டிரையலிலேயே முடித்துவிட வேண்டும். நெட் வைத்த கவுன் என்றால் குத்துவிளக்கு ஏற்றும்போது யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று அதைப் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும். அந்த நெட் பொசுங்குவதோடு நிற்காது, நொடியில் உருகித் தோலில் ஒட்டும்.

இப்படிக்கு,
தையல் தொழிலாளர்கள் சிலர்,
பழையபேட்டை, கிருஷ்ணகிரி.