டோக்கியோ நிஷிகசாயிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

"டான்சிலுக்கும் கிட்னிக்கும் என்னடா சம்பந்தம்? எவனோ உன்னை ஏமாத்துறான்" என்று, கிட்னி நோய்க்காக டான்சிலை எடுக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் ஊரிலிருந்து மாமா போனில் சத்தம் போட்டார். மாமா, முதல் நன்றி உங்களுக்குத்தான். நீங்கள் கேட்ட அதே கேள்வியை டாக்டரிடம் நானும் மூன்று தடவை கேட்டேன். இல்லாவிட்டால் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஜப்பானில் கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு வருஷா வருஷம் உடல் பரிசோதனை கட்டாயம். என் ரிப்போர்ட்டில் இரண்டு வருஷமாகச் சிறுநீர் வரியில் கூட்டல் குறி. சிறுநீரில் ரத்தமும் புரதமும் போகிறது என்று அதற்கு அர்த்தமாம். எழுத்தும் புரியவில்லை, வலியும் இல்லை. மடித்து டிராயரில் போட்டேன். மூன்றாவது வருஷம் ஆபீஸ் சுகாதாரப் பிரிவின் நர்ஸ் அம்மா என் மேஜைக்கே வந்துவிட்டார். மூன்று ரிப்போர்ட்டும் அவர் கையில், கூட்டல் குறிகளைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம். "அடுத்த வாரம் போகிறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. நின்ற இடத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நேரம் வாங்கினார். அந்தச் சிவப்பு வட்டம் போட்ட காகிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன், நர்ஸ் அம்மா.

இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட 1974 முதல் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. மகள் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் குழாயோடு வீட்டுக்கு வந்தபோது நான் சிரித்தது நினைவிருக்கிறது. நம் ஊரில் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் உடம்புச் சூடு என்போம். எனக்கும் அப்படிப் போயிருக்கிறது, தொண்டை வலி வந்த மறுநாளே. வெந்தயம் ஊற வைத்துக் குடித்தேன்.

சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்சியில் தெரிந்தது ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற சிறுநீரக நோய். 1968இல் பாரிஸில் ஜான் பெர்ஜே என்ற மருத்துவர் அடையாளம் கண்டது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டார். ஐஜிஏ என்பது கிருமிகளைத் தடுக்க உடம்பு செய்யும் புரதம். சிலருக்கு அதன் மேல் சர்க்கரைப் பூச்சு சரியாக ஏறுவதில்லை. அந்தக் குறைப் புரதம் சிறுநீரக வடிகட்டியில் போய்ப் படிந்து அதைப் புண்ணாக்குகிறது. அது உருவாகும் இடங்களில் டான்சிலும் ஒன்று என்று இங்குள்ள மருத்துவர்கள் கருதுகிறார்கள். கூட வந்திருந்த என் மனைவி, "அப்போ காபித்தூளும் சேர்ந்து இறங்குற ஃபில்டர் மாதிரியா?" என்றாள். அதை நான் ஜப்பானிய மொழியில் சொல்லத் திணறியதைப் பார்த்து டாக்டர் சிரித்தே விட்டார்.

டாக்டர், உங்களுக்கு நான் நன்றி சொல்வது சிகிச்சைக்காக மட்டும் இல்லை. எதையும் மறைக்காமல் சொன்னீர்கள். டான்சிலை எடுத்துவிட்டு ஸ்டீராய்டை அதிக அளவில் ட்ரிப்பாக ஏற்றும் முறையை இங்கே செண்டாய் நகரில் ஹொட்டா என்ற மருத்துவரின் குழு 329 நோயாளிகளின் கணக்கோடு 2001இல் வெளியிட்டது. அதற்குப் பிறகு அது ஜப்பான் முழுக்கப் பரவியது. ஆனால் ஐரோப்பிய நோயாளிகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை. 2021இல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறியும் வெள்ளையருக்கு வேண்டாம், ஜப்பானியருக்குச் செய்யலாம் என்ற கணக்கில்தான் நின்றது. "நீங்கள் இரண்டு பக்கமும் இல்லை. இந்தியர்களைப் பற்றிச் சொல்ல எங்களிடம் போதிய தரவு இல்லை" என்றீர்கள். எனக்கு அடிக்கடி தொண்டை வலி வந்ததும், சிறுநீரில் நாளைக்கு ஒரு கிராமுக்கு மேல் புரதம் போனதும், தெற்காசியர்களுக்கு இந்த நோய் வேகமாக முற்றுவதும் சேர்ந்து ஆபரேஷன் பக்கம் தட்டைச் சாய்த்தன. அப்போதும் முடிவை என்னிடமே விட்டீர்கள். மாமா, ஏமாற்றுகிறவர் இப்படிப் பேசுவாரா?

ஆபரேஷன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மயக்கத்தில் இருந்தேன். விழித்த பிறகுதான் எல்லாம். எச்சில் விழுங்கினால் வலி காது வரைக்கும் போய்க் குத்தியது. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தால் தொண்டையின் இரண்டு பக்கமும் சுண்ணாம்பு அப்பியது போல வெள்ளை. அது புண் ஆறும்போது வருவதுதானாம். முதல் சாப்பாடு ஒமோயு. மூடியைத் திறந்தால், நம் வீட்டு வடிகஞ்சி! அதைப் பார்த்துக் கண் கலங்கினேன் என்பதை இங்கேதான் ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல், டயாலிசிஸுக்காகக் கையைத் தயார் செய்ய வந்தவர். போனில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துத்தான் பேசிக்கொண்டோம். இளவயதில் தானும் ரிப்போர்ட்டை டிராயரில் போட்டவன்தான் என்றார். தினமும் சாயங்காலம் மெதுவாக நடந்து கீழே உள்ள கடைக்குப் போய், வெனிலா ஐஸ்கிரீம் ஒரு கப் வாங்கி வந்து என் மேஜையில் வைப்பார். அவருக்குத் தண்ணீருக்குக்கூட அளவு இருந்தது. ஒரு நாளும் அவர் தனக்கென்று வாங்கியதில்லை. ஒஜீசான், ஜப்பானியத் தாத்தா, நன்றி. உங்களுக்கு இதை யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

அப்புறம் ஸ்டீராய்டு. மூன்று நாள் ட்ரிப், இப்படி மூன்று சுற்று. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் மாத்திரை, ஏறக்குறைய ஒரு வருஷம். தூக்கம் போனது. முகம் பூரி மாதிரி உப்பியது. வீடியோ காலில் அம்மா, "இப்பத்தான் கன்னம் வச்சுப் பார்க்க நல்லாயிருக்க" என்று சந்தோஷப்பட்டாள். மருந்தின் வேலை என்று சொல்ல மனசு வரவில்லை. அம்மா, இதைப் படித்துவிட்டுக் கோபப்படாதே. திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்ட முடியை இந்த மே மாதம் வந்து இறக்குகிறேன்.

என் டீமில் இருந்த தம்பி ஒருவன் இன்சூரன்ஸ் படிவங்களை ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தான். இங்கே மருத்துவச் செலவுக்குச் சம்பளத்தைப் பொறுத்து மாத உச்சவரம்பு இருப்பதே அவன் சொல்லித்தான் தெரியும். அந்த ஒரு தாள் இல்லாமல் போயிருந்தால் ஊரில் நகையை அடகு வைத்திருப்போம். நிஷிகசாயில் முறை வைத்து மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்த மூன்று வீட்டுக்காரர்களுக்கும் நன்றி. அவள் இப்போது உங்கள் வீட்டுத் தோசையைத்தான் தோசை என்கிறாள்.

மனைவிக்கு என்ன எழுதுவது? நாளைக்கு ஆறு கிராமுக்குள் உப்பு என்றதும் சமையலறையில் தராசு வாங்கி வைத்தவள். தனக்கும் அதே சாம்பாரைத்தான் ஊற்றிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் ஆகிறது. சிறுநீரில் ரத்தம் இல்லை, புரதம் நாளைக்கு 0.3 கிராமுக்குக் கீழே. இது டான்சிலை எடுத்ததாலா, ஸ்டீராய்டாலா, உப்பைக் குறைத்ததாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். எனக்கும் அதைப் பிரித்துப் பார்க்க ஆசை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள். நர்ஸ் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறோம். பிரியாணிதான். உப்பு கம்மியாக இருக்கும், ஊறுகாயைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.