பட்டியல் சரி, பாஸ்போர்ட் கிடைப்பது எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் எந்தெந்த நாட்டுக்கு விசா இல்லாமல் போகலாம் என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். தப்பில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளில் எங்கு வேண்டுமானாலும் போய் வேலை பார்க்கலாம், அமெரிக்காவுக்குச் சுற்றிப் பார்க்கப் போக ஆன்லைனில் ஓர் அனுமதி வாங்கினால் போதும். நாமோ ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசாவுக்கு, 90 யூரோ கட்டி, பேங்க் ஸ்டேட்மென்ட், ஓட்டல் புக்கிங் எல்லாம் அடுக்கிக் கொடுத்துவிட்டு, வருமா வராதா என்று காத்துக்கிடக்க வேண்டும். ஆசை வருவது இயற்கைதான்.

ஆனால் புதுச்சேரியில் இந்தச் செய்தியைப் படிக்கிறவர் உடனே கேட்பது, "எங்க தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்கதான் பிறந்தார், எனக்கும் கிடைக்குமா?" என்றுதான். அதற்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

பிறந்தது மட்டும் போதாது. புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைக்க 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சு நேஷனாலிட்டியே இருக்கட்டும் என்றவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். இவர்கள் போக, பிரெஞ்சுப் பட்டாளத்திலும் பிரெஞ்சு அரசு வேலையிலும் வெளிநாட்டில் இருந்த குடும்பங்களுக்கும் அந்த நேஷனாலிட்டி நீடித்தது. தாத்தா எழுதிக் கொடுத்தாரா என்பதுதான் முதல் கேள்வி. கொடுத்திருந்தாலும், குடும்பம் 50 வருடத்துக்கு மேல் பிரான்சுக்கு வெளியிலேயே இருந்து, அப்பாவோ பிள்ளையோ பிரெஞ்சுக் குடிமக்களாகப் பதிவு, பாஸ்போர்ட் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்றால், இப்போது போய் நிரூபிக்க அந்த நாட்டுச் சிவில் சட்டம் இடம் கொடுப்பதில்லை.

இது தெரியாமல்தான் பணம் போகிறது. எங்கள் தெருப் பையன் ஒருவன் தாத்தாவின் பிறப்புச் சான்றை மட்டும் காட்டி ஒரு புரோக்கரிடம் மூன்று லட்சம் கொடுத்தான். அந்தச் சான்றில் தாத்தா பெயர் ஒரு மாதிரி, கல்யாணப் பதிவில் வேறு மாதிரி, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இரண்டும் இரண்டு ஆள் போலத் தெரியும். எழுதிக் கொடுத்த தாளோ கடைசிவரை கிடைக்கவில்லை. பணமும் திரும்பவில்லை.

அப்புறம் கல்யாணம். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை, பெண் என்றால் இங்கே தனி மவுசு, அது உங்களுக்கும் தெரியும். ஆனால் தாலி ஏறியதும் பாஸ்போர்ட் வந்துவிடாது. கல்யாணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், குறைந்தது நான்கு வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், சில நிலைகளில் ஐந்து, பிரெஞ்சு மொழியும் தெரிய வேண்டும். இதைச் சொல்லாமல் சீர் பேசி முடிக்கிற தரகர்கள் இருக்கிறார்கள்.

இத்தனையும் தாண்டிக் கிடைத்தால் இந்தியக் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள நம் சட்டத்தில் வழி இல்லை. சொந்த வீட்டுக்கு வரவே விசா வேண்டும், இல்லையென்றால் ஓசிஐ கார்டு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை. அந்தக் கார்டை வைத்து இங்கே ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. பாகூர் பக்கம் வயல் வாங்கலாம் என்று பிரான்சில் சேர்த்த காசோடு வருகிறவருக்கு இது பத்திரம் பதியப் போகும்போதுதான் தெரியவருகிறது.

அடுத்த முறை பட்டியல் போட்டால் பக்கத்திலேயே இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி